வகாயாமாவில் போய் இறங்கிய கதை: ஜப்பானில் நீங்கள் முழித்த முழிகளைச் சொல்லுங்கள்

கோபேவாசி எழுதியது:

ஜப்பானுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஃபுஜி மலை, கியோட்டோ கோயில், செர்ரிப் பூ எல்லாம் யூடியூபில் வேண்டிய மட்டும் கிடைக்கும். தினப்படி வாழ்க்கையில் நாம் அசடு வழிந்ததைப் பற்றி ஓர் இழை இருக்கட்டும் என்று தொடங்குகிறேன். முதல் போணி என்னுடையது.

மதுரையிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். கான்சாய் விமான நிலையத்தில் போய் அழைத்துவர வேண்டும். ஒசாகாவின் தென்னோஜி நிலையத்தில், பலகையில் விமான நிலையம் என்று பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பெட்டி ரயில். அது ஹினேனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரை வகாயாமாவுக்கு. நான் இருந்தது 6ல். அறிவிப்பு ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டேதான் இருந்தது. நான்தான் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கினேன்.

கண் விழித்தால் கடலையும் காணோம், பாலத்தையும் காணோம். ஜன்னலுக்கு வெளியே மலை. வகாயாமாவில் இறங்கி, நிலையப் பணியாளரிடம் என் ரயில் கார்டைக் காட்டி "குகோ" (விமான நிலையம்) என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தாளை எடுத்தார். திரும்பிப் போகும் வழி படத்தோடு அச்சிட்டே இருந்தது! ஹினேனோவை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். தினம் நாலு பேராவது என்னைப் போல் வருவார்கள் போலிருக்கிறது.

அத்தை கேட்ட முதல் கேள்வி: "மூணு வருஷமா இங்கதானே இருக்கே?"

---

ரயில்பித்தன் எழுதியது:

வருத்தப்படாதீர்கள் தம்பி, வகாயாமா கோஷ்டி பெரிய கூட்டம். நரிதா எக்ஸ்பிரஸும் இதே கதைதான். டோக்கியோ நிலையத்தில் பிரிந்து ஒரு பகுதி ஷின்ஜுகு பக்கம் போகும், இன்னொரு பகுதி யோகோஹாமா, ஓஃபுனா பக்கம் போகும்.

இங்கே ரயில் ஏறுமுன் மூன்று கேள்வி. எந்தத் தடம், எந்த வகை வண்டி, எந்தப் பெட்டி. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. "ககுஎகி" எல்லா நிலையத்திலும் நிற்கும். "கைசோக்கு" சிலதைத் தாண்டும். "தொக்யூ" (அதிவிரைவு) என்றால் ஜேஆரில், அதாவது பழைய அரசு ரயில்வேயிலிருந்து வந்த கம்பெனிகளில், தனிக் கட்டணச் சீட்டு வேண்டும். அதே சொல்லை ஹான்கியூ என்ற தனியார் ரயிலில் பார்த்தால் பயப்பட வேண்டாம், அங்கே ஒசாகா–கோபே தொக்யூவுக்குச் சாதாரணக் கட்டணமே போதும். ஒரே சொல், இரண்டு அர்த்தம். எனக்கே புரிய ஒரு வருடம் ஆனது.

சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று. "ஜேஆர் பாஸ் வாங்கிவிடு, கண்ணை மூடிக்கொண்டு லாபம்" என்று பழைய பதிவுகளில் இருக்கும். அது 2023 அக்டோபருக்கு முந்தைய கணக்கு. 7 நாள் பாஸ் அப்போது 29,650 யென், அந்த மாதம் ஒரேயடியாக 50,000 ஆனது. டோக்கியோவிலிருந்து ஒசாகா போய்வர ஷின்கான்சென் (புல்லட் ரயில்) தனிச் சீட்டே 30,000க்குள் முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியின் நீள அகல உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் தோகாய்தோ ஷின்கான்செனில் (டோக்கியோ–ஒசாகா தடம்) அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நான் அந்த வம்பே வைத்துக்கொள்வதில்லை. கருப்புப் பூனை படம் போட்ட கூரியர் வேன்காரரிடம் கொடுத்தால் மறுநாள் ஹோட்டலில் இருக்கும். கைவீசி நடக்கலாம்.

அப்புறம், ஒசாகா பக்கம் விற்கும் ரயில் அட்டை "இகோகா". ஒசாகாப் பேச்சில் அதற்கு "போலாமா?" என்று அர்த்தம். பெயர் வைத்த ஆள் நம்ம ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டியவர்.

---

தயிர்சாதம் எழுதியது:

ஏப்ரலில் அம்மாவுடன் இரண்டு வாரம் வருகிறேன். அம்மா முட்டையும் தொடமாட்டார். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இப்போதே தயார். இருந்தாலும் பதினான்கு நாளும் ஹோட்டல் அறையில் கெட்டில் வைத்து ஓட்ட முடியாதே. கடையில் "சைவம்" என்று எப்படிக் கேட்பது?

---

நிஷிகசாய் அக்கா எழுதியது:

தயிர்சாதம் தம்பி, கேட்பதற்குச் சொல் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யாது. "பெஜிதேரியன்" என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, காய்கறி மேல் மரச்சீவல் மாதிரி ஒன்றைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். சூட்டில் அது நெளியும். அதுதான் கட்சுவோபுஷி, காய்ந்த சூரை மீனைச் சீவியது. அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, வாசனை.

இதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தாஷி. நமக்குச் சாம்பாருக்குப் பருப்புத்தண்ணீர் எப்படியோ அப்படி இவர்கள் சமையலுக்கு அடித்தளம். கொம்பு என்ற கடற்பாசியையும் இந்த மீன் சீவலையும் வெந்நீரில் போட்டு வடித்த சாறு. மிசோ (புளித்த சோயா விழுது) சூப், உதோன் நூடுல்ஸ், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சுஷியின் டோஃபு உறை, கீரையை அவித்து வைக்கும் கிண்ணம் வரைக்கும் அதுதான். வந்த புதிதில் ஆறு மாதம் மிசோ சூப்பைச் சுத்த சைவம் என்று தினம் குடித்தேன். தெரிந்த அன்று ஊருக்கு ஃபோன் போட்டு அழுதேன். மாமியாருக்கு இன்னும் தெரியாது, யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

எனவே "நான் சைவம்" என்று சொல்லாமல், எது கூடாது என்று சொல்லுங்கள். "நிகு தோ சகானா வா தபேமாசென். தாஷி மோ தமே தெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், தாஷியும் கூடாது. இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதும் சமையல்காரர் முகம் மாறும். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, பெரும்பாலும் "மன்னிக்கவும், முடியாது" என்பார். அது மரியாதைக் குறைவு இல்லை. பொய் சொல்லிப் பரிமாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கொன்பினி என்ற தெருமுனைச் சில்லறைக் கடையில் உப்பு மட்டும் போட்ட அரிசி உருண்டை கிடைக்கும். உள்ளே உமெபோஷி என்ற உப்பில் ஊறிய பழம் வைத்ததும் உண்டு, நம் எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருக்கும். அதிலும் சில சமயம் மீன் சாறு சேர்ப்பார்கள், லேபிளை மொபைலால் படித்துவிட்டு எடுங்கள். குளிர்காலம் என்றால் சூடான சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

முடிந்தால் அம்மாவைக் கோயாசானுக்குக் கூட்டிப்போங்கள். கூகாய் என்ற துறவி 816ல் மடம் தொடங்கிய மலை. அங்கே ஐம்பது கோயில் வரை தங்க இடம் தருகின்றன, சாப்பாடு ஷோஜின் ரியோரி, அதாவது பௌத்த மடத்துச் சமையல். மீன், கறி கிடையாது. பூண்டு வெங்காயமும் கிடையாது. தாஷியே கொம்பும் காளானும் போட்டதுதான். இருந்தாலும் பதிவு செய்யும்போது ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

டோக்கியோவில் இருக்கும் நாட்களில் எங்கள் நிஷிகசாய்க்கு வாருங்கள். 2000ம் ஆண்டு கணினிக் கோளாறு பயத்தில் வந்திறங்கிய இந்திய இன்ஜினியர்களால் வளர்ந்த பேட்டை. துவரம்பருப்பு, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும்.

---

யாழ்வெண்பா எழுதியது:

அக்கா சொல்லும் கட்சுவோபுஷி எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் சம்பலுக்குப் போடும் மாசிதான் அது. அதே சூரை மீன், அதே மாதிரி அவித்துக் காயவைத்த மரக்கட்டை. கியோட்டோவில் படிக்க வந்த முதல் வாரம் கடையில் அதைப் பார்த்து, இடித்துச் சம்பல் போட்டேன். ஜப்பானியத் தோழி தாஷி வைக்க வேண்டியதை இப்படியா என்று தலையில் கைவைத்தாள். பிறகு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

---

புதுவரவு எழுதியது:

வணக்கம். சைத்தாமா பக்கம் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தினம் மாலை 5 மணிக்குத் தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் பாட்டு போடுகிறார்கள். சோகமான ராகம். பக்கத்தில் ஏதாவது திருவிழாவா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

---

ரயில்பித்தன் எழுதியது:

திருவிழா இல்லை. நிலநடுக்கம், வெள்ளம் வந்தால் அறிவிக்கும் ஊராட்சி ஒலிபெருக்கி அது. வேலை செய்கிறதா என்று தினம் சோதிக்க வேண்டும், வெறும் சங்கு ஊதினால் ஊரே பயப்படும், எனவே பழைய குழந்தைப் பாட்டு ஒன்றைப் போடுகிறார்கள். பூங்காவில் விளையாடும் பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் மணி. சில ஊர்களில் குளிர்காலத்தில் நேரத்தை முன்னுக்குத் தள்ளுவார்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கும் அந்தப் பாட்டு கேட்டால் பசிக்க ஆரம்பிக்கும்.

---

கறார்கந்தன் எழுதியது:

எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். கொஞ்சம் மறுபக்கமும் பேசலாமா?

போன வருடம் வீடு தேடினேன். நல்ல வேலை, நிரந்தரச் சம்பளம், ஜப்பானியமும் பேசுவேன். தரகர் என் முன்னாலேயே வீட்டுக்காரர்களுக்கு ஃபோன் போடுவார். "வாடிக்கையாளர் வெளிநாட்டவர், ஆனால் ஜப்பானியம் நன்றாகப் பேசுகிறார்..." அந்த "ஆனால்" முடிவதற்குள் மறுமுனையில் பதில் வந்துவிடும். ஒன்பது வீடு. ஒருவர்கூடக் கத்தவில்லை, எல்லாருமே மன்னிப்புக் கேட்டார்கள். என் தனிக்கதை என்று ஒதுக்காதீர்கள். நீதி அமைச்சகம் 2017ல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கிடைத்த வீட்டுக்கும் "ரெய்கின்" ஒரு மாத வாடகை. அதாவது வீடு கொடுத்ததற்கு வீட்டுக்காரருக்கு நன்றிப்பணம், திரும்பி வராது. முன்பணம் தனி. உத்தரவாதக் கம்பெனிக்குத் தனி. சுற்றுலாப் பயணிக்கு ஜப்பான் வேறு, குடியிருப்பவனுக்கு வேறு. வரவேற்பறையில் உபசாரம் பலமாகத்தான் இருக்கும், உள்ளறைக் கதவு திறக்காது.

---

நிஷிகசாய் அக்கா எழுதியது:

கந்தன், நீங்கள் சொல்வது உண்மை. எங்களுக்கும் நடந்தது. எங்கள் பேட்டையில் இத்தனை இந்தியர்கள் சேர்ந்ததற்கு ஒரு காரணம், அரசு சார்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ரெய்கினும் இல்லை, உத்தரவாதக்காரரும் வேண்டாம் என்பதுதான்.

ஆனால் சென்னையில் நாங்கள் வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியையே எடுத்தார்கள். பத்து மாத அட்வான்ஸ் வேறு. இங்கே குறை சொல்லும்போது எனக்கு அது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

---

கறார்கந்தன் எழுதியது:

அங்கே நடப்பதும் தப்பு, இங்கே நடப்பதும் தப்பு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஆற்ற முடியாது அக்கா.

---

நிஷிகசாய் அக்கா எழுதியது:

அதுவும் சரிதான்.

---

கோபேவாசி எழுதியது:

சூடு கொஞ்சம் தணியட்டும். தொலைத்த பொருள் திரும்பி வந்த கதை யாரிடமாவது இருக்குமே?

என்னுடையது: பேருந்தில் பர்ஸை விட்டேன். 23,000 யென், தங்கும் அட்டை, வங்கி அட்டை. மறுநாள் மாலை தெருமுனை கோபானில், அதாவது குட்டிக் காவல் நிலையத்தில், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு யென் குறையவில்லை. எடுத்துக் கொடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை கேட்க உரிமை உண்டு, மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பணம் அவருக்கே போகும் என்று போலீஸ்காரர் சொன்னார். அவர் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். பெயரும் தெரியாது, நன்றி சொல்லவும் வழியில்லை.

---

யாழ்வெண்பா எழுதியது:

பர்ஸ் திரும்பி வரும். குடை வராது. கொன்பினி வாசலில் வெள்ளை பிளாஸ்டிக் குடையை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று குடை போயிற்று எனக்கு. ஆயிரம் யென் நோட்டைத் தொடாத மனிதர்கள் மழைநாளில் அந்தக் குடையை மட்டும் ஊர்ப்பொதுச் சொத்தாக நினைக்கிறார்கள். இப்போது மஞ்சள் பூப்போட்ட குடை வைத்திருக்கிறேன், ஒருவரும் தொடுவதில்லை.

---

தயிர்சாதம் எழுதியது:

ரயிலில் ஃபோன் பேசவே கூடாதா? அம்மா அக்காவிடம் தினம் இரண்டு வேளை வீடியோ கால் பேசுவார். அதுவும் சத்தமாக.

---

கோபேவாசி எழுதியது:

கூடாது. நான் ஒருமுறை பேசினேன். ஒருவரும் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். நம் ஊரில் நாலு பேர் "மெதுவாப் பேசுப்பா" என்று சொல்லியிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது. அம்மாவிடம், ரயிலை விட்டு இறங்கியதும் நடைமேடையில் பேசலாம் என்று சொல்லிவையுங்கள்.

அத்தைக்கு இங்கே பிடித்தது என்ன தெரியுமா? கழிப்பறை. "தண்ணி இருக்கு, அதுவும் வெந்நீர்!" என்று மதுரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். ஃபுஜி மலைக்குக்கூட அவ்வளவு நீளமாக எழுதவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். காலையில் அலுவலகம் கிளம்பும்போது எதிர்வீட்டுப் பாட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார். வெளியே கிளம்புபவர் சொல்வது "இத்தே கிமாஸ்". இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! அவர் "இத்தேராஷ்ஷாய்" என்பார், போய் வாருங்கள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று என் பாட்டி தலையில் குட்டியது ஞாபகம் வந்தது. வகுப்பில் ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படித்துக் குழம்பியவன், அன்றிலிருந்து தமிழ் வழியாகப் படிக்கத் தொடங்கினேன். "தாபேதே மிரு" சாப்பிட்டுப் பார். அங்கேயும் "பார்" என்ற வினைதான், கண்ணால் பார்ப்பதே. "மோத்தே குரு" கொண்டு வா. "வசுரேதே ஷிமாத்தா" மறந்துவிட்டேன், அந்த "விட்டேன்" உட்பட.

---

ரயில்பித்தன் எழுதியது:

அதான் சொல்கிறேன், ஜப்பானியமே தமிழிலிருந்து வந்ததுதான்! ஒரு ஜப்பானியப் பேராசிரியரே நிரூபித்துவிட்டாரே.

---

யாழ்வெண்பா எழுதியது:

அண்ணா, நீங்கள் ரயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். :)

காகுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனோ சுசுமு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார், நெல் விவசாயத்தையும் பொங்கலையும்கூடச் சேர்த்து. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது, ஒட்டு மேல் ஒட்டு சேர்வது எல்லாம் கொரிய மொழியிலும் துருக்கியிலும் இருக்கிறதே. நிரூபணம் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் படிப்பதற்கு வசதி என்பது உண்மை. "தாரே" யார். "தாரே மோ" யாரும், "தாரே கா" யாரோ. ஆங்கிலேயருக்கு இதை விளக்க ஒரு பாடம் முழுக்க வேண்டும், நமக்கு ஒரு வரி. அதிலும் யாழ்ப்பாணத்தார் உங்களைவிட ஒரு படி மேலே. கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் இது, அது, எது என்று மூன்றை வைத்துக்கொண்டு "சொரே"யை எங்கே போடுவது என்று முழிப்பார்கள். எங்கள் பேச்சில் "உது" இன்னும் உயிரோடு இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருப்பது உது. இது, உது, அது, எது. முடிந்தது பாடம். ஆசிரியை கேட்டார், எப்படி நீ மட்டும் தப்பே விடுவதில்லை என்று. அம்மாவிடம் படித்தேன் என்றேன்.

---

கறார்கந்தன் எழுதியது:

வீட்டுக் கதையோடு போனால் என்னை அழுமூஞ்சி என்பீர்கள், எனவே ஒன்று. கிடைத்த வீட்டில் குளியலறை ஒரு பீரோ அளவு. எனவே தெருமுனை செந்தோவுக்கு, பொதுக் குளியலறைக்கு, போக ஆரம்பித்தேன். குற்றாலத்தில் துண்டு கட்டிக் குளித்துப் பழகியவன், முதல் நாள் அரைக்கால் சட்டையோடு நுழைந்தேன். ஒரு தாத்தா என்னைத் தடுத்து, சட்டையைக் காட்டி, கூடையைக் காட்டினார். அப்புறம் ஸ்டூலில் உட்காரவைத்து முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளி, பிறகுதான் தொட்டி என்று செய்தே காட்டினார். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைத்துவிட்டேன், அதற்கும் ஒரு அதட்டல். துண்டு தலைமேல் இருக்க வேண்டுமாம்.

இப்போது வாரம் மூன்று நாள். அவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை, "கந்து-சான்" என்கிறார். ஒன்பது வீட்டுக்காரர்களை நான் மன்னிக்கவில்லை, அது வேறு.

---

தயிர்சாதம் எழுதியது:

கோயாசானிலிருந்து எழுதுகிறேன். அக்கா, கோடி நன்றி. ராத்திரி எள் டோஃபு வந்தது. எள்ளை அரைத்துக் களி கிண்டினாற்போல் இருந்தது, அம்மா என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். "பூண்டு இல்லாமலே எப்படி மணக்குது பார்" என்று மூன்று முறை சொன்னார். இன்று காலை கூகாயின் சமாதி இருக்கும் ஓகுனோயின் போகக் கிளம்பும்போது இத்தே கிமாஸ் சொல்லிக்கொடுத்தேன். "அது எதுக்கு" என்று தமிழிலேயே "போயிட்டு வரோம்" என்றார். வாசலில் நின்ற இளம் துறவி சிரிக்காமல் "இத்தேராஷ்ஷாய்" என்றார்.

நாளை இங்கிருந்து நேராக விமான நிலையம். கோபேவாசி அண்ணா, எந்தப் பெட்டி என்று சொன்னீர்கள்?

---

கோபேவாசி எழுதியது:

தென்னோஜியில் 1 முதல் 4. இயர்போன் வேண்டாம்.

---

ரயில்பித்தன் எழுதியது:

ஐயோ, இவர் பேச்சைக் கேட்காதீர்கள்! கோயாசானிலிருந்து வருபவர் எதற்குத் தென்னோஜி போக வேண்டும்? கேபிள் கார் இறங்கி நான்காய் என்ற தனியார் கம்பெனி ரயிலில் வந்து தெங்கச்சாயாவில் மாறுங்கள், அங்கிருந்தே நான்காயின் விமான நிலைய வண்டி இருக்கிறது. அது வழியில் பிரியாது.

ஆனால் அதே தடத்தில் வகாயாமாஷி போகும் வண்டியும் வரும். பலகையைப் பார்த்து ஏறுங்கள்.